நடுவழியில் இறக்கி வைத்த பாட்டு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. மட்டக்களப்புப் புளியந்தீவில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இப்போது கையும் நடுங்குகிறது. எழுதிய வரியை மறந்துபோய்த் திரும்பவும் அதையே எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களும், என்னைப்போல ஊரைவிட்டு வந்து எங்கெங்கோ இருந்து வாசிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுத வந்திருக்கவே மாட்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் மைக்கைக் கையிலும் தந்து, மண்டபம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இந்தக் கடதாசியை எடுத்தேன்.

நான் இருக்கிற இந்த மெல்பேர்ண் நகரத்தில் செத்தவருக்குச் சத்தம் இல்லை. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கென் என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார், என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவார். சில நாட்களாக நாயை அவர் மனைவி மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். மனுசன் எங்கேயாவது பயணம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு காலை அவள் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, கென் செத்துவிட்டார், எரித்தும் முடிந்தது என்று சொன்னாள். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். பக்கத்து வீட்டில் பிணம் கிடந்திருக்கிறது, நான் இங்கே இருந்து பாணும் பருப்பும் சாப்பிட்டிருக்கிறேன்! எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தலையில் கையை வைத்து, "ஐயோ ராசா, ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டியே" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கதிரையில் இருத்தி, என் மகள் ரெஜினாவின் வேலைத்தலத்துக்கு ரெலிபோன் எடுத்து, உன் அம்மாவுக்கு நெஞ்சில் ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

ரெஜினா வேலையைப் பாதியில் விட்டு வந்தாள். "அம்மா, இங்க அப்பிடி அழப்படாது. சனம் பயந்திரும்."

"பின்ன எப்பிடி புள்ள அழுற?"

"கார்ட் ஒண்டு வாங்கிக் குடுக்கிற."

அப்படியே ஒரு கார்ட் வாங்கிக் கொடுத்தோம். அதில் பூப்படம் போட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு முதலில் காதுக்குத்தான் வரும். வாவிக்குக் கிழக்கே நாங்கள் இருந்த பக்கம் எழுவான்கரை. மேற்கே வயல் வட்டைகள் இருக்கிற பக்கம் படுவான்கரை. அந்தக் கரையில் ஒருவர் கண்ணை மூடினால், பறைமேளச் சத்தம் தண்ணீருக்கு மேலால் எங்கள் குசினிவரை வரும். அம்மா அகப்பையைச் சட்டிக்குள் நிறுத்திவிட்டு, "ஆரோ ஒரு புண்ணியவான் போறான்" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். நாங்கள் கத்தோலிக்கர். அந்த மேளம் எங்கள் வீட்டுச் சாவுக்கு அடிக்கப்படுவதில்லை. ஆனாலும் அது வந்தால் அடுப்படியில் யாரும் கதைக்க மாட்டோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாவுக்குச் சத்தமே இல்லாத இந்த நாட்டில் ஒரு சாவுப் பாட்டுக்குச் சனம் ஆடிப்பாடிச் சிரிக்கிறது. வெள்ளைக்காரர் வழியில் வந்த எங்கள் ஊர்ப் பறங்கியர் இங்கே வந்து நெடுங்காலம். அவர்களுடைய கல்யாணங்களில், பிறந்தநாட்களில், கேக் வெட்டி முடிந்ததும் ஒரு பாட்டு வரும். அது தொடங்கினால் தடி ஊன்றி வந்தவரும் தடியைச் சுவரில் சாத்திவிட்டு இறங்குவார். நிலவும் வாவியும் வருகிற மாதிரி அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் என் அண்ணன் செபஸ்தியான். முதலில் வாசித்தவர் வேறொருவர். அண்ணனைத் தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். அந்த மற்றவரைத் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

அண்ணன் கோயில் பேண்டில் ட்ரம்பெட் ஊதப் பழகியவர். வேதாகமத்தில் எக்காளம் என்று வருகிறதே, அதுதான் இது என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்கு ஊதுவார். அன்று பின்னேரமே தன் சிநேகிதன் டொமினிக்கோடு பறங்கியர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆட்டப் பாட்டு ஊதுவார். டொமினிக் பறங்கியர், வயலின்காரர், தச்சுவேலையும் செய்வார். ட்ரம்பெட்டைப் புளி போட்டு மினுக்குகிற வேலை என்னுடையது. நான் வாய் திறந்து பேசாத பிள்ளை என்பதால் அண்ணன் எல்லாவற்றையும் எனக்குத்தான் சொல்லுவார். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

புளியந்தீவில் காத்தான்குடி முஸ்லிம் ஒருவர் புடைவைக்கடை வைத்திருந்தார். அவர்கள் வழக்கப்படி, அண்ணன் என்கிற மாதிரி, ஆதம்பாவா காக்கா என்று கூப்பிடுவோம். கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனபோது ஒரு கிராமபோனும் சில இசைத்தட்டுகளும் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்று அமெரிக்காவில் கறுப்பு மனிதர்கள் வாசித்த ஜாஸ். காக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் அதைவிட்டு எழும்பவில்லை.

"மனே, தட்டுத் தேயுது மனே! நீ அதைக் கேக்கிறாயா, திங்கிறாயா?" என்று காக்கா ஏசுவாராம். ஏசிக்கொண்டே ஊசியை மாற்றிப் போடுவாராம்.

அதை முதன்முதல் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து அண்ணன் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "அன்னம், அவன் சிரிக்கிறானா அழுறானா எண்டு தெரியல்ல புள்ள. ரெண்டையும் ஒரே மூச்சில செய்யிறான். எங்கட கந்தப்பனும் இப்பிடித்தான்."

கந்தப்பன்தான் நான் சொன்ன மற்றவர். படுவான்கரையில் பறைமேளத்தோடு குழல் ஊதுகிறவர். கோயில் சடங்குக்கும் ஊதுவார், சாவுக்கும் ஊதுவார். அந்த நாளையில் அவருடைய ஆட்களை எங்கள் வாசலுக்குள் விடமாட்டார்கள். விட்டாலும் அவர் வரமாட்டார். அண்ணன்தான் தோணியில் அந்தக் கரைக்குப் போவார். "எண்ட புள்ள பூசைக்கு ஊதுற வாயால பறைக்குப் பின்னால ஊதப் போறான்" என்று அம்மா ஒப்பாரி வைப்பார். ஒருமுறை அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் தோணியை விட்டு இறங்கவில்லை. வெட்கம். கரையில் கண்டல் வேருக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் குந்திக்கொண்டு இருந்தார்கள். கந்தப்பன் மெலிந்த மனிதர், ஊதும்போது கன்னம் இரண்டும் தவளை மாதிரிப் புடைக்கும்.

அன்றைக்குத்தான் அந்தப் பாட்டைக் கேட்டேன். அவர்கள் பக்கத்தில் பாடையைக் கொண்டுபோகும்போது பாதி வழியில் ஒரு சந்தியில் இறக்கி வைப்பார்கள். அதுவரை செத்தவரின் முகம் வீட்டைப் பார்த்திருக்கும். அந்த இடத்தில் பாடையைத் திருப்பிவிட்டுத் தூக்குவார்கள். அதற்குப் பிறகு வீட்டைப் பார்க்கக் கூடாது. இறக்கும்போது ஊதுவது மெதுவானது. தூக்கும்போது ஊதுவது வேகமானது, மேளமும் துள்ளும்.

"தம்பி, இது ரெண்டு பாகம்" என்றார் கந்தப்பன். "ஒண்டை ஊதினா மத்ததையும் ஊதிரணும். பாதியில விடப்படாது. விட்டா செத்தவன் சந்தியிலயே குந்திக்கிட்டிருப்பான்."

"குந்திக்கிட்டிருந்தா ஒரு தேத்தண்ணி குடுங்க அண்ண" என்றார் அண்ணன்.

"நக்கலடிக்காத. நீ ஊதிற சாமான் பித்தளை. எண்ட குழல் மன்னிக்கும், பித்தளை மன்னிக்காது" என்று சொல்லிக் கந்தப்பன் சிரித்தார். நானும் தோணிக்குள் இருந்து முக்காட்டுக்குள் சிரித்தேன்.

அண்ணன் எதையும் ஓரிடத்தில் வைத்திருக்க மாட்டார். கோயில் பாட்டில் ஆட்டப் பாட்டின் துள்ளல் வரும். ஆட்டப் பாட்டில் கந்தப்பனின் குழல் வளைவு வரும். அது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பெருநாள் சுற்றுப்பிரகாரத்தில் ஒரு வளைவை வளைத்துவிட்டார் என்று கோயில் ட்ரம்பெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். டொமினிக் தன் மாமாவின் பழைய ட்ரம்பெட்டைக் கொடுத்தார். பறங்கியர் வீட்டில், என்னப்பா இழவுக் குழல் கேட்கிறது என்றார்கள். படுவான்கரையில், வெள்ளைக்காரன் மாதிரி ஊதுகிறான் என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் அடுத்த வாசல்காரன் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாம் உலகச் சண்டைக் காலம் வந்தது. கொழும்பில் பட்டாளத்துக்காரர் நிறைந்திருந்தார்கள், ஹோட்டல்களுக்கு வாத்தியக்காரர் தேவைப்பட்டார்கள். அண்ணனும் டொமினிக்கும் போனார்கள். அங்கே ஓர் அமெரிக்கக் கப்பற்காரன், கறுப்பு மனிதன், அண்ணனுக்குச் சிநேகிதமானான். அவனும் ட்ரம்பெட்காரன். அவன் ஊரில் பிரேதத்துக்கு முன்னால் பேண்ட் போகுமாம். போகும்போது மெதுவாக அழுதுகொண்டு வாசிப்பார்களாம். புதைத்துவிட்டுத் திரும்பும்போது அதே வாத்தியத்தால் ஆட்டம் வாசிப்பார்களாம், சனம் குடையை விரித்துக்கொண்டு ஆடுமாம்.

அண்ணன் லீவில் வந்து இதைச் சொன்னபோது அவருக்கு இருக்கப் பொறுக்கவில்லை. "பாத்தியா அன்னம்? கந்தப்பன் சொன்னதைத்தான் அவனும் சொல்றான். இறக்கினாத் தூக்கணும். அவங்க தூக்கிறதை உலகமே ஆடுது. எங்கட ஆக்கள் மட்டும் ஏன் பயந்து சாகுறாங்க?"

சண்டை முடிந்து எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சூசை, நல்ல மனிதர், கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் பியோன் வேலை. அவருடைய தாய் படுவான்கரையில் பிறந்து கல்யாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். அண்ணன் கொழும்பிலிருந்து டொமினிக்கையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கச்சிக்குத் தன்னிடம் இருக்கிற நல்லதைத்தான் கொடுப்பேன் என்று நின்றார். கோயிலில் தாலி கட்டி, நாங்கள் நடந்து வீட்டுப் பந்தல் வாசலுக்கு வந்தபோது, அண்ணன் வாசலில் நின்று ட்ரம்பெட்டைத் தூக்கினார்.

மெதுவான பாகத்தை ஊதினார். அப்படி அவர் ஊதி நான் கேட்டதில்லை. எனக்கு அது என்ன பாட்டென்று தெரியும், ஆனாலும் பயம் வரவில்லை. தூக்குகிற பாகம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். பாடைப் பாட்டு என்று மாமிக்கும் விளங்கியது, அண்ணன் மிச்சத்தையும் ஊதப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. வாசலில் அப்படியே நின்றார்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். "எவன்டா அவன்? ஆருக்கடா இந்த வாசல்ல பாடை இறக்கிறாய்? எண்ட புள்ளைக்கா?"

"மாமி, மிச்சம் இரிக்கி. மிச்சத்தையும் கேளுங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டுத் திரும்பவும் வாயில் வைத்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓடிவந்து ட்ரம்பெட்டின் வாயில் உள்ளங்கையை வைத்து ஓங்கித் தள்ளினார். பித்தளை அண்ணனின் உதட்டைக் கிழித்துவிட்டது. வெள்ளைச் சட்டையில் இரத்தம். "மிச்சம் இரிக்கி" என்று இரத்த வாயோடும் சொல்லிக்கொண்டிருந்தார். டொமினிக் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை பகுதி ஆட்கள் பந்தலை விட்டு எழும்பிப் போனார்கள். சோறு ஆறிக் கிடந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணுக்குத்தான். ஆகவே அந்த நாளிலிருந்து அண்ணன் பிறந்த வீடு என் புருசனின் வீடு. மாமி ஒரு சொல்தான் சொன்னார். "அவன் இந்த வாசல் மிதிக்க ஒண்ணா." சூசை தாய்க்குப் பயந்தவர். என் முதல் பிள்ளை தங்கவில்லை. "பாதியில விட்ட பாடை இந்த வாசல்லதானே கிடக்கு, தங்குமா?" என்று மாமி கேட்டார். பிறகு ரெஜினா பிறந்தாள், சுகமாக வளர்ந்தாள். அதற்கு மாமி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் ஒருமுறை வந்து வேலிக்கு வெளியே நின்றார். உதட்டில் தழும்பு. "சுகமா புள்ள?" என்றார். "ஓம் அண்ணன்" என்றேன். பம்பாய்க்கு ஒரு பேண்டோடு போனார். அங்கே காய்ச்சலில் செத்தார் என்று டொமினிக் வந்து சொன்னார். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. சாவுக்கெல்லாம் பாட்டுத் தெரிந்த மனிதனுக்கு ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று, இங்கே கென்னுக்குப் போன மாதிரி.

இப்போது இந்தக் கதைக்கு வருகிறேன். டொமினிக் குடும்பத்தோடு இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே காலமானார். அவர் தூக்குகிற பாகத்தை மட்டும் வயலினில் வாசித்துப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார். அதுதான் இவர்கள் ஆடுகிற பாட்டு. ஊர்ப் பிரச்சினையில் எல்லாம் போய், ரெஜினா என்னை இங்கே கூப்பிட்ட பிறகுதான் அதை ஒரு கல்யாணத்தில் கேட்டேன். கேட்டதும் எழும்பி நின்றுவிட்டேன். ஆட வருகிறேனாக்கும் என்று நினைத்து ஒரு பெரியவர் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

டொமினிக்கின் மகன் ரோனி, அண்ணனுக்கு ஒரு நினைவு விழா எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அறுபதுக்கு மேற்பட்ட ஆள், சின்ன வயதில் வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் "சாப்பிட்டீங்களா அன்ரி" மட்டும்தான். நல்ல மனம் உள்ளவர், அதைக் குறை சொல்லக் கூடாது. ஒரு கடதாசியை ரெஜினாவிடம் காட்டினார். அவள் வாசித்துச் சொன்னாள். செபஸ்தியான் மட்டக்களப்புக்கு ஜாஸ் கொண்டுவந்தவர், தங்கச்சியின் கல்யாணத்துக்காக இந்தப் பாட்டைத் தானே கட்டினார், அன்று ஊரே ஆடியது என்று எழுதியிருந்தது.

ஊரே ஆடியதாம்! நான் ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கந்தப்பனைச் சொன்னேன், மெதுவான பாகத்தைச் சொன்னேன், உதட்டைச் சொன்னேன். அண்ணன் கட்டிய மாதிரி முழுப் பாட்டையும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் வாசலில் முதற்பாதி, இங்கே மற்றப்பாதி. விழாவில் ஒரேயொரு தரம், முதலில் மெதுவானதையும் பிறகு வேகமானதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லு, அதுதான் அவருக்கு எடுக்கிற இழவு, வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு வாங்கியது. ரெஜினா ரோனியின் பக்கம் திரும்பி ஒரு வரி சொன்னாள். ரோனி சிரித்துத் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார்.

"அவ்வளவுதானா புள்ள சொன்ன?" என்று கேட்டேன்.

"அம்மா, அந்த மனுசன் சந்தோசமா ஒண்டு செய்யிறார். அதுக்குள்ள பாடையும் இரத்தமும் எப்பிடிச் சொல்ற? உங்களுக்கு மெதுவான பாட்டுப் பிடிக்கும் எண்டு சொன்னன்."

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அண்ணனின் இளவயதுப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். உதடு கிழிவதற்கு முந்திய படம். என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். ட்ரம்பெட் ஊதுவதற்கு ஜோஷ் என்று ஒரு வெள்ளைக்காரப் பொடியனை ஏற்பாடு செய்திருந்தார்கள், தலைமயிரைப் பின்னால் கட்டியிருந்தான். முதலில் ரோனி ஏதோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். எனக்காக மெதுவான பாட்டு ஒன்று வாசித்தார்கள். அது யாரோ வெள்ளைக்காரரின் காதல் பாட்டு. எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து ரோனிக்கு இன்னும் சந்தோசம். அதற்குப் பிறகு அந்த ஆட்டப் பாட்டு. மண்டபமே இறங்கியது. என் மகளும் ஆடினாள். சின்ன வயதிலேயே கைம்பெண் ஆனவள், அவள் ஆடி நான் கண்டதில்லை. எந்த வாயால் அதை நிறுத்தச் சொல்வது? ஆட்டம் முடிந்ததும் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்கள்.

"அண்ணன்..." என்றேன். என் குரல் மேலே பெட்டியில் வேறு யாரோ கிழவியின் குரலாக வந்தது. பயந்துபோனேன். "மிச்சம் இரிக்கி" என்றேன். பிறகு ஒன்றும் வரவில்லை. ரெஜினா மைக்கை வாங்கி, அம்மா எல்லோருக்கும் நன்றி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கைதட்டினார்கள்.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு ஜோஷ் ஒரு தட்டில் லவ் கேக் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தான். ஏதோ கேட்டான். அண்ணனைப் பற்றித்தான் கேட்டிருப்பான். என்னிடம் ஆங்கிலம் இல்லை. வாயை மூடிக்கொண்டு முனகினேன், மெதுவான பாகத்தை. மேசையில் விரலால் மேளத்தைத் தட்டினேன். அவன் தட்டைக் கீழே வைத்தான். ட்ரம்பெட்டை எடுத்து, அதன் வாயில் ஒரு மூடியைச் சொருகி, சத்தத்தை அடக்கி, நான் முனகிய இடத்தை ஊதிப் பார்த்தான். தலையை ஆட்டினேன், இல்லை என்று. திரும்பவும் ஊதினான். இரண்டாம் அடி ஏறுமா இறங்குமா என்று எனக்கே பிடிபடவில்லை. ஒருமுறை ஏற்றி முனகினேன், ஒருமுறை இறக்கி. அவன் இரண்டையும் ஊதினான், பொறுமையான பிள்ளை. மூன்றாவது அடிக்கு வந்தபோது அந்த வளைவு வந்துவிட்டது. கந்தப்பனின் கன்னம் புடைக்கிற வளைவு. மேசையில் தட்டுவதை விடாமல் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

சக்கர நாற்காலியில் இருந்த ரீட்டா அக்கா, டொமினிக்கின் மனைவி, பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார். அவரும் அன்று என் கல்யாணப் பந்தலில் இருந்தவர்.

"அன்னம், உனக்கென்ன விசரா? இதை இங்க ஏன் ஊதச் சொல்ற? வீட்டில பேத்திமார் கலியாணத்துக்கு நிக்கிறாளுகள்."

"உங்களுக்கு நினைவிருக்கா அக்கா?"

"நினைவில்லாமலா? டொமினிக் இந்தப் பாதியைக் கப்பல்ல ஏத்த மாட்டன் எண்டுதான் வந்தார். சாகக்குள்ளயும் வாசிக்கல்ல. நிப்பாட்டச் சொல்லு புள்ள."

நான் ஒருவருக்கும் எதிர்வார்த்தை சொல்லாதவள். மாமிக்குச் சொல்லவில்லை, சூசைக்குச் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்வதில்லை. அன்று சொன்னேன். "மிச்சம் இரிக்கி அக்கா. மிச்சத்தையும் கேளுங்க. இது தனிய நிண்டாத்தான் பயம்." ரீட்டா அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். போகவும் இல்லை. ஜோஷ் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கடைசிவரை ஊதினான். கிட்டத்தட்டச் சரி. பாடை நிலத்தில் பட்டது.

இனித் தூக்க வேண்டும். அந்தப் பாகம் அவனுக்குத் தெரியும், சற்று முன்னர்தான் ஊதி மண்டபத்தையே ஆட வைத்தான். அதுவும் இதுவும் ஒரே பாட்டு என்று அவனுக்குத் தெரியாது. நான் கையைக் காட்டினேன், ஆட்டம் நடந்த இடத்தை. காலைத் தட்டினேன். ரெஜினாவைக் கூப்பிட்டேன், அவள் சமையலறையில் மிஞ்சிய பட்டிஸ் பலகாரங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. மற்ற வாத்தியக்காரர்கள் தங்கள் வாத்தியங்களை வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கதிரைகளை மடக்கி அடுக்குகிற சத்தம். ஜோஷ், நான் ஆட்டம் நன்றாக இருந்தது என்று சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தான். பிறகு ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடினான்.

காரில் ரெஜினா கேட்டாள், "சந்தோசமா அம்மா?" நான் ஓம் என்றேன். என்ன சொல்ல? ஒரே மண்டபத்தில், ஒரே பொடியன், இரண்டு பாதியையும் வாசித்துவிட்டான், தலைகீழாக. தூக்கியது முதலில், இறக்கியது பிறகு. இப்போது அண்ணனை இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தின் நிலத்தில் இறக்கி வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் கார்களில் ஏறிப் போகிறோம். அவரை இன்னும் திருப்பவில்லை. முகம் புளியந்தீவு வீட்டைத்தான் பார்த்திருக்கும். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவருக்குப் பக்கத்தில் நானும் குந்தியிருக்கிற மாதிரித்தான் படுகிறது. என்னையும் இந்த நாடு இறக்கி வைத்திருக்கிறது, திருப்பவில்லை.

படுவான்கரையில் இதை யாராவது வாசித்தால் ஓர் உதவி. அந்தக் குழல்காரரின் பெயர் கந்தப்பனா கந்தவனமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவருடைய ஆட்கள் அங்கே இருந்தால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்தவும் வேண்டும். இறக்குகிற பாகத்தில் இரண்டாம் அடி ஏறுமா இறங்குமா என்பதையும் கேளுங்கள். யாராவது ஊதிக் காட்டினால், தயவுசெய்து அதோடு நிறுத்தவிடாதீர்கள். மிச்சத்தையும் ஊதச் சொல்லிவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.